சிவப்பு மையால் சுற்றிய மேடு

புளியங்கூடல்
18.8.1975

அன்புத் தம்பி குலசிங்கத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நயினாதீவு அம்மாள் புண்ணியத்தில் வீட்டுக்குள் எல்லோரும் சுகம். வெளியேதான் சுகமில்லை.

குற்றம் என்னுடையது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தொல்பொருள் கந்தோரிலிருந்து, விமானத்தில் பிடித்த எங்கள் ஊர்ப் படத்தில், அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் கிடக்கும் மேட்டைச் சுற்றிச் சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்பியிருந்தாய். கல் அள்ளுகிறவர்கள் அழிப்பதற்குள் பதிந்து காப்பாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை அளக்க வருகிறேன் என்றும் எழுதியிருந்தாய். எனக்கென்றால் தலைகால் தெரியாத புழுகம். என் தம்பி கீறினது என்று கோயிலடியில் கண்ட சனத்துக்கெல்லாம் காட்டினேன்.

எங்கள் சனத்தை உனக்குத் தெரியாதா? மேட்டைப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஆளாளுக்குத் தங்கள் வேலியைத்தான் தேடினார்கள். வேலிக் கதிகாலை அரை முழம் தள்ளி நட்டால் கோடு, வழக்கு என்று போகிற ஆட்கள் அல்லவா! வல்லிபுரம் மாமா கண்ணாடியைப் போட்டுச் சிவப்புக் கோட்டில் விரலை ஓட்டினார். இது எல்லை பிள்ளை, இதுக்குள்ள ஒன்பது பேரின்ரை காணி கிடக்கு, அரசாங்கம் எடுக்கப்போகுது என்றார். அது தாழி கிடக்கிற இடத்துக்கு அடையாளம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆர் கேட்டது! இப்போது நான் ஒழுங்கையில் இறங்கினால் பேச்சு நின்றுவிடுகிறது.

நேற்றுக் கூடிப் பேசினார்கள். மேடு இருந்தால்தானே அளக்க வருவினம் என்றார்களாம். இன்று காலை உழவு மெசின் இறங்கிவிட்டது. முதல் உழவுச் சாலிலேயே ஒரு தாழி உடைந்தது. உள்ளே சின்னச் சின்ன எலும்புகள், குழந்தையுடையதாக இருக்கலாம். மெசினை நிறுத்தினார்கள். பிறகு, சாக்கில் அள்ளிக் கடலில் கொட்டுங்கோ என்று மாமா சொன்னார். மெசின் திரும்பவும் ஓடத் தொடங்கியது. இதை எழுதும்போதும் கேட்கிறது.

நீ வந்தால் காலை முறிப்பதாகச் சந்தியில் கதைக்கிறார்கள். வெறும் வாய்ச்சவடால் என்றுதான் நினைத்தேன். ஆனால் தம்பி, பிறர் சொல்லி நீ அறியக் கூடாது. மெசினை ஓட்டுகிறவர் உன் அத்தான்தான். அப்பு எனக்குச் சீதனமாகத் தந்த நாலு பரப்புக் காணியும் அந்தக் கோட்டுக்குள் விழுகிறது. மத்தியானம் சாப்பிட வந்தவர், அவன் வரட்டும், முதல் ஆளா நான் நிப்பன் என்றார். உங்கட மைத்துனனெல்லோ என்றேன். சோற்றை அளைந்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அவரை இப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை, பயமாயிருக்கிறது.

வராதே ராசா. காய்ச்சல் என்று கந்தோருக்கு லீவு எழுதிக் கொடு. அந்தப் பொய்யின் பாவம் என்னோடு போகட்டும். மேடு போனது போனதுதான், நீ வந்து மறிக்கவும் ஏலாது. தாலி கட்டினவரும் கூடப்பிறந்தவனும் ஒழுங்கையில் எதிரெதிரே நின்றால் நான் எந்தப் பக்கம் ஓடுவேன்?

நூறு வயது நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் அக்கா
அன்னபூரணம்