மறந்துவிடும் என்றீர்களே

இன்று காலை புளி கரைக்க அந்த எவர்சில்வர் போணியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்; உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும் போகவில்லை.

இந்தப் போணி எப்படி வீட்டுக்கு வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. நம் மகள் வடிவு புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒன்றரை வயசுக் கோமுவோடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த நம் வீட்டுக்கு வந்தாள். வித்துராவில் மளிகைக்கடை வைத்திருந்தவருக்கு அவளைப் பேசி முடித்தீர்கள். மறுகல்யாணம் செய்ததில் எனக்குக் குறையில்லை. பிள்ளை மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்குத் தலையாட்டினீர்களே, அதுதான் குறை.

வடிவு புறப்படும்போது பிள்ளை வாசலில் அழுதால் சகுனம் ஆகாது என்று, கோமுவைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைப் பக்கம் யானை காட்டப் போனீர்கள். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தது, கட்டிலுக்கு அடியில் பார்த்தது.

"சின்னதுக்கு என்ன தெரியும்? ரெண்டு நாள்ல மறந்திரும்" என்றீர்கள்.

மறக்கவில்லை. வடிவின் பழைய புடவையை முகத்தில் பொத்திக்கொண்டுதான் தூங்கியது. துவைக்கக்கூடத் தராது, அம்மா வாசனை அதில்தான் இருந்தது. "இது இருக்கிற வரைக்கும் அவ நினைப்புப் போகாது" என்று, பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவனிடம் அதைப் போட்டு இந்தப் போணியை வாங்கினீர்கள். வடிவையும் கொஞ்ச காலம் வராதே என்று சொல்லி வைத்தீர்கள். நான் சண்டை போட்டபோது, "நீ என்னத்தப் படிச்சு கிழிச்ச?" என்று கேட்டீர்கள். மூணாங்கிளாஸ்தான். நீங்கள் மட்டும் என்ன, கலெக்டரா?

அதற்குப் பிறகு கோமு அழவில்லை. வந்திருந்த பேச்சும் நின்றுபோனது. எது வேண்டுமானாலும் விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி. யார் கை நீட்டினாலும் போய்விடும். மீன்காரி இடுப்பில் இருக்கும், தபால்காரர் சைக்கிளில் இருக்கும். "நல்ல குட்டி, கரச்சலே இல்ல" என்று தெருவே மெச்சியது. உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கன்வாடி டீச்சர் ஒருத்திதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மே, மத்த பிள்ளைங்க வீட்டு ஆளத் தேடி அழும். இது யாரு கூப்பிட்டாலும் போகுது. எனக்குப் பயமாணு."

வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

கடைசியில் வடிவு வந்தாள். அதற்குள் பிள்ளைக்குப் பேச்சு திரும்பியிருந்தது. சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. "பாத்தியா, பெத்தவள அடையாளம் தெரியுது!" என்றீர்கள். வடிவு முகம் மலர்ந்து குனிந்தாள். கோமு அவள் வளையலைத் தடவிக்கொண்டே கேட்டது: "அத்த, நீங்க எந்த வீடு?"

"ஏம்ப்பா இப்பிடிச் செஞ்சீங்க?" என்று வடிவு கேட்டாள். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

இப்போது கோமு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். மலையாளமும் தமிழுமாக ஊரோடு சிரித்துப் பேசுவாள், ஒருவரிடமும் ஒட்டமாட்டாள். வடிவு வந்தால் இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். கோமு வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "ஆச்சி, இருக்கியா?" என்பாள். "இருக்கேன்டி, வா" என்ற பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். கொல்லையிலிருந்து நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலும் முகம் வெளுத்துப்போகும்.

உங்களால் நான் சுமப்பது அந்த 'இருக்கியா?' என்ற கேள்வியைத்தான். என் நெஞ்சு இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவளிடம் சொல்லாதே என்கிறார்கள் உறவுக்காரர்கள். "சின்னப் பொண்ணு, தாங்கமாட்டா." அச்சு அசல் உங்கள் குரல். இன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். அழட்டும். நான் இருக்கும்போதே, என் மடியில் கிடந்து அழட்டும்.