ஆமைக்குட்டியின் அடிவயிறு

1987 பெப்ரவரி 28, சனி

இன்று வீட்டுக்கு ஓர் ஆமைக்குட்டி வந்திருக்கிறது. அகஸ்ரின் வேலை செய்யும் ரெஸ்ரோரன்ற் குசினியில் ஒரு சீனச் சமையல்காரர் இருக்கிறார். அவர் வீட்டு ஆமை முட்டையிட்டு ஐந்தாறு குஞ்சு பொரித்ததாம். அதில் ஒன்றை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு, கோட்டுக்குள் மறைத்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருக்கிறார் என் கணவர். ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். காதுப் பக்கம் சிவப்புக் கோடு.

"நீர் நாள் முழுக்கத் தனிய இருக்கிறீர். உமக்கொரு பிராக்கு, பொழுது போகும்," என்றார்.

நான்கு மாதம் எனக்கு. போன வருடம் ஒன்று தங்காமல் போனதால் இந்த முறை டொக்டர் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஜன்னலால் மோர்னிங்சைட் றோட்டில் போகும் பஸ்களை எண்ணுவதுதான் உத்தியோகம்.

ஆனால் பெரிய அதிசயம் வேரோனிக்கா மச்சாள். இவருடைய அக்கா, எங்களோடுதான் இருக்கிறா. வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சத்தியம் பண்ணுகிற ஆள். இன்று ஒரு சொல் சொல்லவில்லை. என் தலையைத் தடவிவிட்டு அறைக்குள் போய்விட்டா. ஆமைக்குப் பயந்துவிட்டாவோ?

மார்ச் 3, செவ்வாய்

தொட்டி வைத்தாயிற்று. பழைய சாமான் கடையில் வாங்கிய கண்ணாடித் தொட்டி, ஒரு மூலையில் வெடிப்பு, அதற்குப் பிசின் பூசியிருக்கிறது. பைப் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாதாம். ஒருநாள் வாளியில் வைத்து மருந்து மணம் போனபிறகுதான் ஊற்ற வேண்டும். ஏறிக் காய ஒரு செங்கல். மேலே மேசை லாம்பு. தண்ணீருக்குள் ஒரு சின்ன ஹீற்றர். அதை ஒருபோதும் நிற்பாட்டக்கூடாது என்று அந்தச் சீனர் தாளில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

இவ்வளவு வசதி இந்த வீட்டில் எனக்கே இல்லை என்றேன். அகஸ்ரின் சிரிக்கவில்லை. வேலைக் களைப்பு.

பெயர் வைத்துவிட்டேன்: கப்பித்தான். செங்கல்லில் ஏறிக் கழுத்தை நீட்டினால் கப்பல் ஓட்டுகிறவன் மாதிரியே நிற்கிறான்.

மார்ச் 8, ஞாயிறு

ஆமைகளின் அடிவயிற்றில் உள்ள கோலம் ஒன்றுக்கொன்று ஒத்திராதாம், எங்கள் கைரேகை போல. வளர்ந்தால் பெருக்குமே தவிர மாறாதாம். இதுவும் அந்தத் தாளில் இருக்கிறது. கப்பித்தானைப் பிரட்டிப் பிடித்து இந்தப் பக்கத்திலேயே படமாகக் கீறி வைத்திருக்கிறேன். இரண்டு வரிசை கறுப்புப் பொட்டுகள். வலது பக்கம் மூன்றாவது மட்டும் வால் வைத்த பயற்றங்கொட்டை போல. கீறி முடியுமட்டும் காலை அடித்து என்னை ஏசினான்.

மார்ச் 16, திங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம். தங்கச்சி ஜோசப்பினின் எழுத்து. அப்பாவுக்குக் கை நடுக்கமாம், அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாளாம். "சந்தோசமாக இரு மகள், உடம்பைக் கவனமாகப் பார்" என்று இரண்டு பக்கம். ஓரிடத்திலாவது ஏச்சு இல்லை! என் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக் கடிதத்தையே திருப்பி அனுப்புகிற அமிர்தநாதர் வாத்தியாரா இது? பேரப்பிள்ளை வரப்போகிறது என்றதும் மனுசன் இளகிவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

இவர்கள் இருவரும் காலையில் பூசைக்குப் போனார்கள். ஐஸ் வழுக்கும், நீர் நில்லும் என்று என்னை விட்டுவிட்டார்கள். வந்ததும் மச்சாள் பெரிய சமையல். மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பாயசம். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தா. தவக்காலத்தில் என்ன விருந்து என்று கேட்டேன். "அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை பாதகமில்லை, சாப்பிடும்," என்றா. நான் விடுவேனா? இரண்டு தரம் சோறு போட்டேன். மூன்றாவது மீன் துண்டையும் கேட்டு வாங்கினேன். கப்பித்தானுக்கும் உப்பில்லாமல் ஒரு துளி.

ஏப்ரல் 12, குருத்தோலை ஞாயிறு

வியாழக்கிழமை இரத்தம் பட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிள்ளை சுகம் என்கிறார்கள். மாதாவே, நன்றி.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைத்தான் பார்த்தேன். கப்பித்தான் முன்பைவிடத் துடிப்பு. கையிலிருந்தே பறித்துத் தின்கிறான். நான் இல்லாதபோது நல்லாய்க் கவனித்திருக்கிறீர்கள் என்று அகஸ்ரினைப் புகழ்ந்தேன். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "ஓம், ஓம்," என்றார்.

மே 9, சனி

ஜோசப்பினின் இன்னொரு கடிதம். அப்பா இந்த முறையும் ஏசவில்லை. கவலையாக இருக்கிறது.

மே 30, சனி

எழுதத்தான் வேண்டும்.

காலையில் தொட்டி கழுவினேன். கப்பித்தான் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்க்க, மார்ச் மாதப் படத்தை விரித்து வைத்துப் பிரட்டினேன். வலது பக்கம் மூன்றாவது பொட்டில் வால் இல்லை. வெறும் வட்டம். மற்றப் பொட்டுகளும் வேறு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். லாம்பைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். இது கப்பித்தான் இல்லை.

அகஸ்ரின் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். படத்தையும் ஆமையையும் முன்னால் வைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை... நான் தண்ணி மாத்திப்போட்டு ஹீற்றரைப் போட மறந்துபோனன். விடியப் பார்த்தா செத்துப்போச்சு. அவரிட்டைக் கெஞ்சி இன்னொண்டு வாங்கினனான்."

"செத்ததை என்ன செய்தனீங்கள்?"

"கார்பேஜுக்குள்ளை போட்டனான்."

ஏழு வாரம். ஏழு வாரமாக நான் ஓர் அந்நிய ஆமையைக் கப்பித்தான், கப்பித்தான் என்று கொஞ்சியிருக்கிறேன், இந்த மனுசன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

"உம்மடை நிலமையிலை சொல்லக்கூடாதெண்டுதானப்பா."

"என்ரை நிலமையிலை வேறை என்னென்ன சொல்லாமல் வைச்சிருக்கிறியள்?"

கோபத்தில் கேட்டதுதான். ஒன்றையும் நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் அவர் தலையைத் தூக்கி மச்சாளைப் பார்த்தார். குசினி வாசலில் நின்ற மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு பார்வை போதும். கடிதங்கள், கை நடுக்கம், ஏச்சில்லாத அப்பா...

"அப்பாவோ?" என்றேன்.

மச்சாள் நிலத்தில் குந்தி அழத் தொடங்கினா.

பெப்ரவரி இருபது. நெஞ்சு நோவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டதாம். ஆமை வந்தது இருபத்தெட்டாந் தேதி. எனக்கொரு பிராக்கு!

மே 31, ஞாயிறு

தொண்ணூற்றொன்பது நாள். என் அப்பா செத்தது ஜோசப்பினுக்குத் தெரியும், அகஸ்ரினுக்குத் தெரியும், மச்சாளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியும். பெத்த மகளுக்குத் தெரியாது.

இப்போதுதான் நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். மார்ச் 22. அது அந்தோனியார் நேர்த்தி இல்லை. அப்பாவின் முப்பத்தோராம் நாள். என்னை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவுக்குப் பூசை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஐயோ, நான் அண்டைக்கு மூண்டாந்தரம் மீன் கேட்டு வாங்கித் திண்டனான். பாயசம் நல்லாயிருக்கெண்டு சொன்னனான். என்ரை அப்பான்ரை முப்பத்தொண்டிலை சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டனே. ஒருத்தருமே என்ரை கையைப் பிடிக்கேல்லையே.

ஜூன் 4, வியாழன்

சோற்றுக் கோப்பையோடு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 13, சனி

மச்சாள் சொல்கிறா, பிள்ளைத்தாச்சிக்கு இழவு சொல்லுவது எங்கள் ஆட்களிடம் இல்லையாம், தானும் தன் மாமன் செத்ததைப் பிள்ளை பிறந்தபிறகுதான் கேள்விப்பட்டாவாம். "நீர் தாங்கமாட்டீர் எண்டுதான் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தது."

எல்லாரும் சேர்ந்து. அதுதான் நோகிறது. நான் தாங்குவேனா மாட்டேனா என்று என்னைத் தவிர எல்லோரும் கூடிக் கதைத்திருக்கிறார்கள்.

ஆமைக்குத் தண்ணீர் மாற்றுகிறேன், சாப்பாடு போடுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாவம், அது என்ன செய்தது?

ஜூலை 5, ஞாயிறு

ஜோசப்பினுக்கு எழுதினேன்: "இனி எனக்கு அப்பாவின் பெயரில் ஒரு வரியும் எழுதாதே. அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று மட்டும் உன் பெயரில் எழுது."

ஓகஸ்ட் 9, ஞாயிறு

மகள். ஆறு இறாத்தல் பதினொரு அவுன்ஸ். அப்பாவின் நெற்றி.

அகஸ்ரின் பிள்ளையைப் பார்த்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. சேர்ந்து அழவில்லை.

செப்ரம்பர் 19, சனி

ஜோசப்பினின் பதில் வந்தது. அப்பா கடைசியாகச் சொன்னது, "யூஜினியின்ரை கடிதத்தை எடு, திருத்தி முடிக்கேல்லை" என்றுதானாம். அப்பா பாதி திருத்திய என் கடிதத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறாள். நான்காம் வரியோடு சிவப்பு மை நின்றுவிட்டது.

1988 ஜனவரி 16, சனி

பின்னேரம் இரண்டேகாலுக்கு ரெலிபோன். கொழும்பிலிருந்து இவருடைய ஒன்றுவிட்ட தம்பி. மாமி, அகஸ்ரினின் அம்மா, இன்று விடிய ஆஸ்பத்திரியில் போய்விட்டாவாம். "அண்ணைக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ," என்றுவிட்டு வைத்துவிட்டான்.

வீட்டில் நானும் பிள்ளையும்தான். மச்சாள் தையல் பக்டரியால் வர ஆறு மணியாகும். இவர் நான்கு மணிக்கு. ரெஸ்ரோரன்ற் குசினிக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லலாமா? சூடான எண்ணெய்க்கு முன்னால் நிற்கிற மனுசன். வேண்டாம்.

கை சும்மா இருக்க மறுத்தது. தொட்டியைக் கழுவினேன். வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஹீற்றரைப் போட்டேனா என்று மூன்று தரம் பார்த்தேன். சோறு, கறி எல்லாம் ஆயத்தம். காலையிலிருந்து சாப்பிடாமல் வருவார். சாப்பிட்டபிறகு சொன்னால் என்ன? இரவுக்குச் சொன்னால் என்ன? பிள்ளையின் ஞானஸ்நானம் அடுத்த ஞாயிறு, அது முடியச் சொன்னால் என்ன? அப்படி ஒவ்வொன்றாக வந்தது எனக்கு. வெட்கமாகப் போய்விட்டது.

கதவு திறந்தது. சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொல்லிவிட்டேன்.

உண்மை சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேனா, இல்லை அவருக்கும் ஒருமுறை நோகட்டும் என்றா? இந்தக் கொப்பியில் பொய் எழுத விருப்பமில்லை. இரண்டும்தான்.

சப்பாத்திலிருந்து பனி உருகிய தண்ணீருக்குள்ளேயே சுவரோடு குந்திவிட்டார். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தினை மணிக்கு ரெலிபோன் எடுத்தவங்கள்?"

"ரெண்டேகால்."

மணிக்கூட்டைப் பார்த்தார். நான்கு பத்து.

"இவ்வளவு நேரமும் தனிய வைச்சுக்கொண்டு இருந்தனீரோ?"

இரண்டு மணித்தியாலத்துக்கே என் நெஞ்சு கல்லாகிவிட்டது. இவர் தொண்ணூற்றொன்பது நாள் வைத்திருந்திருக்கிறார். அதற்காக நான் மறக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கை இதுவரை அவர் பக்கத்தில் நின்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்தேன். மச்சாளுக்கு ஆர் சொல்வது என்று கேட்டார். வாசலிலேயே நான் சொல்கிறேன் என்றேன். பிறகு எழும்பி, நாட்காட்டியில் முப்பத்தோராம் நாளை எண்ணிக் குறித்தேன். பெப்ரவரி பதினைந்து. எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிதாக எழுதினேன்.