குழாய் வராத தெருவிலிருந்து

கம்பைநல்லூர்
12-4-1971

ஷகிலாவின் அப்பாவுக்கு உங்கள் ஹமீதுன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். சேலம் ஜெயிலில் கொஞ்சமாவது காற்று வருகிறதா? உருதுவில் எழுதினால் அங்கே படித்துப் பார்க்க ஆள் இல்லை, கைக்கு வரத் தாமதமாகும் என்றார்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். யாரோ படித்த பிறகுதான் உங்களிடம் வருமாம். ஆகவே சில வார்த்தைகளை விட்டிருக்கிறேன். நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், "உங்கப்பா திருடிட்டு ஜெயிலுக்குப் போயிட்டாரு" என்றாளாம். ஷகிலா, "திருடல. குடுக்க மாட்டேன்னாரு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் சொல்லும்போது மூக்கு உங்களைப் போலவே விடைத்தது.

வரிப் பாக்கிக்காக நம் லாரியை ஏலம் விட்டார்கள். நம் கடைத்தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. ஓசூர்க்காரர் ஒருவர் எடுத்துப் போனார். கிடங்குப் பூட்டில் இன்னும் அரக்கு சீல். உள்ளே இருக்கிற புளி இந்த வெயிலில் கறுத்துக்கொண்டிருக்கும்.

தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரும்வரை வருமான வரி கட்ட மாட்டேன் என்று நீங்கள் சொன்ன நாளை நினைத்துக்கொள்கிறேன். வரி வேறு இலாகா, குழாய் வேறு இலாகா என்றார் ஆபீசர். "வாங்கும்போது மட்டும் ஒரே சர்க்காருங்களா?" என்று கேட்டீர்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்று உங்களை அவ்வளவு பிடித்தது.

ஆனால் போன வாரம் தீர்த்தம்மாள் வந்தாள். நம் கிடங்கில் புளி தட்டிக் கொட்டை எடுத்த பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். "ஏனுங்கம்மா, பாய் தண்ணி கேட்டது எங்களுக்காகத்தான், நெஜந்தானுங்க. அவரு வரி கட்டாததுக்கு எங்க கூலி ஏனுங்க நிக்கணும்? இப்ப தண்ணியும் இல்ல, கஞ்சியும் இல்லீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காளியப்பன் அண்ணன் மண்டிக்கு நானே போனேன். உங்களோடு வியாபாரத்தில் போட்டி போட்டவர்தான். முகம் சுளிக்காமல் கூலிக்குத் தட்டித் தர நாலு வண்டி புளி அனுப்பினார். இப்போது நம் வீட்டு முற்றத்தில் வேலை நடக்கிறது. நானும் உட்கார்ந்து தட்டுகிறேன். விரலெல்லாம் புளிக்கறை, பார்த்தால் சிரிப்பீர்கள். வூட்டு வேலை போதாதா என்று என் அண்ணன் அப்துல் சுபான் திட்டினார். என் நகைகளை விற்று வரியைக் கட்டி உங்களை அழைத்து வந்துவிடுவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். உங்கள் சொல்லை உங்களுக்குத் தெரியாமல் நான் உடைக்க மாட்டேன்.

அண்ணனோடு வரி ஆபீசுக்கும் போய் வந்தேன். தவணையில் கட்டுவதாக நீங்கள் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம், சீலும் எடுப்பார்களாம். குழாய்க்கு நாம் வேறு மனு எழுதுவோம். தெருவே கையெழுத்துப் போடும். அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறேன். தீர்த்தம்மாளும் கூட வருகிறாள். முடியாது என்பதானால் என்னிடம் சொல்ல வேண்டாம், நான் எப்படியும் உங்கள் பக்கம்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்கள் உடம்பையும் பிடிவாதத்தையும் காப்பாற்றட்டும். பிடிவாதத்தைக் கொஞ்சம் குறைத்தே காப்பாற்றட்டும்.

உங்கள்
ஹமீதுன்னிசா