மஞ்சத் தொப்பி எழுந்துட்டா, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

போன வாரம் உன் வருஷத் திதி நல்லபடியா முடிஞ்சது. வடை மொறுமொறுன்னு வந்திருந்தது, பாயசம்தான் தண்ணியாப் போயிடுச்சு. அம்மா அதை ஒத்துக்க மாட்டேங்கிறா. அது கிடக்கட்டும். உனக்கு ஒரு சேதி சொல்லணும், கூடவே நான் பண்ணின ஒரு திருட்டுத்தனத்தையும் ஒத்துக்கணும். ரெண்டுமே நாம சேர்ந்து பார்த்த அந்த ஜப்பான் தொடரைப் பத்தினதுதான்.

இதை நம்மளைத் தெரியாதவங்களும் படிப்பாங்க. அதனால உனக்குத் தெரிஞ்சதையே கொஞ்சம் திரும்பச் சொல்றேன், கோவிச்சுக்காதே. திருத்தணி மலைக் கோயிலுக்கு இருபத்தாறு வருஷம் வேன் ஓட்டினே நீ. கிட்னி மக்கர் பண்ணி, சாவியைக் கொடுத்துட்டு வீட்ல உக்காந்ததும் உனக்குப் பொழுது போகலை, எங்களால உன்னைச் சமாளிக்க முடியலை. அரக்கோணத்துல மருந்துக்கடை வேலையை முடிச்சுட்டு மத்தியான ரயில்ல வந்து சேர்ந்ததும், செல்போனைத் தண்ணிச் சொம்புல சாய்ச்சு வெச்சு நான் எதையாவது பார்ப்பேன். அப்படி ஒருநாள் போட்டதுதான் அந்த அனிமே. பள்ளிக்கூடத்துப் பசங்க நாலு சக்கரம் வெச்ச பலகை மேல நின்னுக்கிட்டு மலை ரோட்டுல இறங்குற கதை. பாதி அடிதடி, பாதி சிரிப்பு.

"இன்னாடி இது, பொம்மைப் படமா?"ன்னு கேட்டுக்கிட்டே தாண்டிப் போனே. பலகை ஒரு வளைவுல கிரீச்சுன்னு திரும்புற சத்தம் கேட்டதும் நின்னுட்டே. "இந்த ரோட்டை வரைஞ்சவன் மலையில வண்டி ஓட்டிக்கீறான்டி. வளைவுல ரோட்டை உள்பக்கமா எப்படிச் சாச்சு வெச்சிருக்கான் பாரு"ன்னே. அவ்வளவுதான், பாயை இழுத்துப் போட்டு உக்காந்துட்டே.

ஜப்பான் பேரெல்லாம் உன் வாயில நுழையலை. கதாநாயகிக்கு நீ வெச்ச பேரு மஞ்சத் தொப்பி. எல்லா ரேஸுக்கும் லேட்டா வர்ற அவ சிநேகிதனுக்கு அரக்கோணம் லோக்கல். மலை ரோட்டையே வளைச்சுப் போட்டுக்கிட்டு, விசில் ஊதி எல்லாரையும் நிறுத்துற கோட்டுக்கார வில்லனுக்கு செக்கர். அவனை ரேஸ்ல ஜெயிச்சாத்தான் ரோடு பசங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். "செக்கர்னாலே எனக்கு ஆவாது"ன்னு அவன் தலையைக் காட்டுறப்போ எல்லாம் நீ திட்டுவே.

மூணாவது எபிசோடுல "நிறுத்து, நிறுத்து"ன்னு கத்தினே. நான் பயந்தே போயிட்டேன், உனக்குத்தான் என்னமோ ஏதோன்னு. "இவ ஒவ்வொரு வளைவுலயும் காலை ரோட்டுல தேச்சுத்தானே வேகத்தைக் கொறைக்கிறா? அப்போ ஷூ தேயணுமா இல்லியா? கடையில வாங்கினாப்ல அப்படியே கீது பாரு. நான் எத்தினி பிரேக் லைனிங் மாத்தியிருப்பேன்! இந்த எடத்துல கோட்டை வுட்டுட்டானுங்க." அதுலேருந்து தினம் கதையை விட அவ ஷூவைத்தான் நீ பார்த்தே. இன்னொரு சண்டையும் நமக்குள்ள ஓடிக்கிட்டிருந்தது. நம்ம மலையில மேலிருந்து மூணாவது வளைவுல பலகையில வந்தா ஒருத்தனும் திரும்ப முடியாது, நேரா சுவத்துலதான்னு நீ சொன்னே. நான் முடியும்னேன்.

நம்ம சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. வீட்டுப் பின்கதவைத் திறந்தா மலை தெரியும். யாராவது டபாய்க்கிறாங்கன்னு தோணினா நீ அந்தக் கதவைத் திறந்து விட்டு, "மலையைப் பாத்து சொல்லு"ன்னு நிக்க வெச்சுடுவே. முறுக்கு டப்பாவை ஒளிச்சு வெச்சதை அம்மாவே அப்படித்தான் ஒத்துக்கிட்டா. நான் அந்தக் கதவுகிட்ட நின்னு ஒரு தடவை கூடப் பொய் சொன்னது இல்லை.

ஒன்பதாவது எபிசோடு முடியறப்போ மஞ்சத் தொப்பி தடுப்புச் சுவரைத் தாண்டி விழுந்தா. தொப்பி மட்டும் ரோட்டுல கிடந்தது. மறுநாள் காலையில உனக்கு மூச்சு வாங்கி, ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம்.

இப்போ திருட்டுத்தனத்துக்கு வர்றேன். ஒரு மத்தியானம் உன்னை ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. வராந்தா பெஞ்சுல உக்காந்து பத்தாவது எபிசோடை நான் பார்த்துட்டேன், நைனா. உன்னை விட்டுட்டுப் பார்த்துட்டேன். எனக்குப் பயமா இருந்தது. விழுந்தவங்க யாராவது எழுந்து நிக்கிறதை அப்பவே பார்க்கணும் போல இருந்தது.

சாயங்காலம் நீ கேட்டே, "அந்தப் பொண்ணு எழுந்துகிச்சா?"

"தெரியலையே நைனா. வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் பாக்கலாம்."

"நீ பாத்துட்டியா?"

"சேச்சே."

"மலையைப் பாத்து சொல்லு."

"இங்க ஏது நைனா மலை?"

நீ ஊசி குத்தின கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினே. பக்கத்துக் கட்டடத்துத் தண்ணி டேங்க்தான் தெரிஞ்சது. அதைப் பார்த்து "பாக்கலை"ன்னேன். "ஆங்"னு கண்ணை மூடிக்கிட்டே. மூணாம் நாள் காலையில போயிட்டே.

நீ வீடு திரும்பறதுக்கு ஏதாவது ஒண்ணு பாக்கி இருக்கணும்னு நினைச்சேன். அதுக்குத்தான் அந்தப் பொய். ஆனா எழுந்தாளா இல்லையான்னு தெரியாமலே உன்னை அனுப்பிட்டேனேன்னு ஒரு வருஷமா எனக்குச் சோறு இறங்கலை. சாவு விழுந்த வீட்டுக்காரங்க வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறக் கூடாது இல்லையா. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியோட மேல போச்சு, நானும் அம்மாவும் கீழயே நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டோம். எனக்கு அது ஒரு வகையில வசதியாத்தான் இருந்தது. பின்கதவை நான் திறக்கவே இல்லை. பத்தாவதுக்கு மேல எதையும் பார்க்கவும் இல்லை.

திதி முடிஞ்ச மறுநாள் படி ஏறிப் போனோம். சாமி பார்த்துட்டு வெளியே வந்து, உன்கிட்ட மலையைப் பார்த்து உண்மையைச் சொல்லிடலாம்னு திரும்பினா, மலை எங்கே இருக்கு? நான்தான் அது மேல நிக்கிறேனே! எந்தப் பக்கம் பார்க்கிறதுன்னு தெரியாம, காலடியில இருந்த கல்லைப் பார்த்துச் சொன்னேன். உனக்குக் கேட்டதா?

அம்மாவை வேன்ல அனுப்பிட்டு நான் ரோட்டு வழியா நடந்து இறங்கினேன். மூணாவது வளைவு வந்ததும் அர்ச்சனைத் தட்டுல இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ரோட்டுல உருட்டி விட்டேன். சும்மா, தெரிஞ்சுக்கத்தான். அப்போ பார்த்து உன் கூட வேன் ஓட்டின பாபு அண்ணன் வண்டியை நிறுத்தினாரு.

"இன்னாம்மா பண்ணிகினு கீறே நடுரோட்டுல?"

"ஒண்ணும் இல்லண்ணா. இந்த வளைவுல பலகையில வந்தா திரும்ப முடியுமான்னு பாக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "உங்க நைனாவும் ஸ்டாண்டுல வந்து இதையேதான் கேட்டாரு. ஒரு வாரம் எங்க உயிரை எடுத்துட்டாரு." எலுமிச்சம்பழம் திரும்பவே இல்லை நைனா. நேரா போய் சுவத்துல முட்டி நின்னுடுச்சு. நீ சொன்னதுதான் சரி.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், அதே சொம்பு, அதே பாய். அம்மாவையும் இழுத்து உக்கார வெச்சு பத்து, பதினொண்ணு, பன்னெண்டு மூணையும் போட்டேன். இதோ உன் சேதி: மஞ்சத் தொப்பி எழுந்துட்டா. கீழே ஒரு காய்கறி வண்டி, அதுல முட்டைக்கோஸ் மேல விழுந்திருக்கா. தலையில கோஸ் இலையோட மேல ஏறி வர்றா. ஏறி வந்து காலைத் தூக்கிக் காட்டுறா பாரு, ஷூவுல அடி முழுக்கத் தேஞ்சு ஓட்டை! கட்டை விரல் வெளியே தெரியுது. அதனாலதான் அந்த வளைவுல வேகம் குறையாம விழுந்திருக்கா. நீ மூணாவதுலயே கண்டுபிடிச்சதை அவங்க பத்தாவது வரைக்கும் தெரிஞ்சே ஒளிச்சு வெச்சிருந்தாங்க. கோட்டை விட்டது அவங்க இல்லை நைனா, நாமதான்.

அப்போ அரக்கோணம் லோக்கல் ஓடி வந்து, தன் ஷூவுல ஒண்ணைக் கழட்டிக் கொடுக்கிறான். மொத்தக் கதையிலயும் அந்த ஒரு நாள்தான் லோக்கல் கரெக்ட் டைமுக்கு வந்தது. நீ இருந்திருந்தா விசிலடிச்சிருப்பே.

அதுக்காகத் தலையில தூக்கி வெச்சு ஆட மாட்டேன். பதினொண்ணாவதுல பாதி நேரம் செக்கரோட சின்ன வயசுக் கஷ்டம். அவனுக்கும் ஒரு அழுகைக் கதை எதுக்கு? கெட்டவனைக் கெட்டவனாவே விட்டா என்ன குறைஞ்சிடும்? கடைசி ரேஸ்ல ஒரே ஒரு வளைவு பத்து நிமிஷம் ஓடுது, அந்த வேகத்துல ரெண்டு பேரும் நின்னு நிதானமா வசனம் பேசுறாங்க. வேன்ல கண்ணாடியை இறக்கினாலே பக்கத்துல இருக்கிறவன் பேசறது கேக்காதுன்னு நீ சொல்லுவியே. தமிழ்ல குரல் கொடுத்தவங்க வாய்க்கு வாய் மச்சி மச்சின்னு சொல்லி உயிரை வாங்குறாங்க. முட்டி பேந்தவன் அடுத்த எபிசோடுல குதிக்கிறான். இத்தனை பசங்க இப்படிச் சுத்துறாங்களே, ஒருத்தன் வீட்லயாவது அம்மான்னு ஒருத்தி கதவைத் திறந்துக்கிட்டு வந்து நாலு வார்த்தை கேட்டாளா? நம்ம அம்மா இதைத்தான் ரொம்பத் திட்டினா.

ஆனா ரேஸுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மஞ்சத் தொப்பியோட முட்டி நடுங்குறதைக் காட்டுறாங்களே, அது எனக்குப் பிடிச்சிருக்கு. கடைசி ரேஸ்லயும் நடுங்குது. பயம் போயிடுச்சுன்னு அவங்க பொய் சொல்லலை. அந்தச் சக்கரச் சத்தமும் அப்படித்தான். தார் ரோட்டுல ஒரு மாதிரி, கல்லுல ஒரு மாதிரி, ஈர ரோட்டுல வேற மாதிரி. இதை யாரோ ஒருத்தர் ரோட்டுல குனிஞ்சு காது கொடுத்துக் கேட்டிருக்கணும் இல்லையா?

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் புரியலை, நீதான் சொல்லணும். கடைசியில ஜெயிச்சதும் லோக்கல் தேம்பித் தேம்பி அழறான், அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா அவன் தலையில எச்சம் போடுது. சீச்சீ, இந்த இடத்துல போய் காமெடியான்னு முதல்ல கடுப்பாச்சு. அப்புறம் யோசிச்சேன். உன்னை எடுக்கிற நேரத்துல மாமாவோட செல்போன் குத்துப் பாட்டோட அலறுச்சே, அவர் அதை நிறுத்தத் தெரியாம தடவிக்கிட்டே நின்னாரே, அழுதுக்கிட்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துடுச்சே. அது குறையா, நிறையா? உனக்குக் கோவம் வந்ததா, இல்லை நீயும் சிரிச்சியா?

ஒரு விஷயத்தைக் கடைசிக்கு வெச்சிருக்கேன். கோஸ் இலையோட அவ எழுந்து வந்ததும் நான் போனை நிறுத்திட்டு அழுதேன். "இதைத் தெரியாமலே போயிட்டாரேம்மா"ன்னேன். அம்மா ரொம்பச் சாதாரணமா என்னைப் பார்த்தா.

"இவ எழுந்தது உங்க நைனாவுக்குத் தெரியுமேடி."

"எப்படிம்மா?"

"அன்னிக்கு அவரை ஸ்கேன்லருந்து கொண்டாந்தாங்களே, நீ மூஞ்சி பூரா சிரிப்பை வெச்சுகினு உள்ள வந்தே. சாயங்காலம் தண்ணி டேங்க்கைப் பாத்து பொய் சொல்லிட்டு டீ வாங்கப் போனே இல்ல, அப்போ சொன்னாரு. 'திருடி, பாத்துட்டா. மஞ்சத் தொப்பி பொழச்சிகிச்சு. நான் கண்டுகினேன்னு அவகிட்ட சொல்லிடாதே. வீட்டுக்குப் போனா பாவம், மொத தபா பாக்கறாப்ல நடிக்கணும் இல்ல அவ'ன்னாரு. நீ எப்படி நடிப்பேன்னு பாக்கத்தான் அவருக்கு ஆசை."

அடப்பாவி நைனா! தெரிஞ்சுக்கிட்டேதான் கண்ணை மூடிக்கிட்டியா? அந்த "ஆங்"ல எவ்வளவு சிரிப்பு இருந்ததுன்னு இப்போ நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்துடுவோம்னு நீயும் நம்பினியா, இல்லை அம்மாவுக்காகச் சொன்னியா? ஷூவுல ஓட்டை இருந்ததை மட்டும் என் மூஞ்சியைப் பார்த்து நீ கண்டுபிடிச்சிருக்க முடியாது. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

பின்கதவைத் திறந்து வெச்சுட்டுத்தான் எழுதறேன். மலை நல்லாத் தெரியுது. இனிமே உன்கிட்ட எதையும் ஒளிக்க மாட்டேன். பார்த்தா பார்த்தேன்னு சொல்லுவேன், அழுதா அழுதேன்னு சொல்லுவேன். தண்ணி டேங்க்கைப் பார்த்துச் சொன்னாலும் அது உண்மையாத்தான் இருக்கும்.

மூஞ்சியில எதையும் மறைக்கத் தெரியாத
உன் மக,
திருடி