பதினொன்றே முக்கால் மணி வெயில்

திண்டுக்கல்,
15.7.99

அன்பு மகள் ரீனாவுக்கு அம்மா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், நீயும் வடதுருவத்துப் பக்கத்து அந்த ட்ரோம்சோவில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய புகைப்படம் வந்தது. கடற்கரையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூலையில் உன் கேமரா 23:45 என்று நேரத்தையும் அடித்திருக்கிறது. மதுரை மாப்பிள்ளை வீட்டில் காட்டுவதற்காகப் படம் கேட்டு வந்த ஆரோக்கியம்மாள் அத்தையின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கோடையில் அங்கே நடுநிசியிலும் சூரியன் மறையாது என்று சொன்னேன். "வெயிலடிச்சா என்ன டீச்சரம்மா, மணி மணிதானே? அந்நேரத்துக்குப் பொம்பளப் பிள்ளைக்கு வெளிய என்ன சோலி?" என்றார்.

அப்பா முகம் மாறிவிட்டது. எனக்கும் பிடிவாதம் வந்து, ஒரு சாத்துக்குடியில் குடைக்கம்பியைக் குத்திச் சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்து, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் வினையாகப் போயிற்று. டார்ச்சை வாங்கி மறுபக்கமிருந்து அடித்து, "அப்ப மார்கழியில?" என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை, நவம்பர் கடைசியிலிருந்து இரண்டு மாதம் சூரியன் உதிக்காது என்றேன். "ரெண்டு மாசம் ஒரே ராத்திரியிலயா எம்பிள்ள இருக்கும்? படிச்சது போதும், நவம்பர் பிறந்ததும் வர்ற கல்லறைத் திருநாளுக்குள்ள வரச்சொல்லு" என்று முடித்துவிட்டார். "நல்லாப் பாடம் நடத்துனீக டீச்சரம்மா" என்று அத்தை சிரித்தார்.

இங்கே வருஷம் முழுக்கப் பார்த்தாலும் பொழுது சாய்வதில் முக்கால் மணிதான் கூடக் குறைய. விளக்கு வைத்த பிறகு நான் தனியாகத் தெருவில் இறங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது, ஆடியில் இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று யாரும் விட்டதில்லை, நானும் கேட்டதில்லை. உன் ஊரில் அந்த இரண்டு மாதமும் முழு இருட்டு இல்லையாம், நண்பகலில் விடியற்காலம் மாதிரி கொஞ்சம் வெளுக்குமாம், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் நிலா மறையவே மறையாதாம். புத்தகத்தில் இருப்பது இது, நீ பார்த்து எழுதினால்தான் நம்புவேன். மீன் எண்ணெய் மாத்திரையை விடாமல் சாப்பிடு.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா சொல்லச் சொல்ல நான் இன்னொரு கடிதம் எழுதவேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்படு என்று அதில் இருக்கும். கையெழுத்து என்னுடையதுதான். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். படிப்பை முடிக்காமல் வராதே. இதைப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் தபாலாபீசில் போடுகிறேன், உன் பதிலை அப்பாதான் பிரிப்பார், இதைப்பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
மரியசெல்வி