வெறும் ஜீப்புக்கு மடக்கிய குடை

ரத்தோட்டை,
கார்த்திகை, 1957

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பதுளையிலும் மழையா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்கு நல்ல மரியாதை.

திங்களன்று ஒரு வேடிக்கை. இங்கும் துரைக்கு முன் குடை பிடிக்கக் கூடாது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் அஞ்சலை, கைப்பிள்ளையோடு மழையில் மருந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜீப் சத்தம் கேட்டது.

"தொரை வர்றாரு, கொடைய மடக்கு!" என்று கத்தினேன்.

"புள்ளைக்குக் காய்ச்சலுங்க ஐயா."

மறுபடியும் கத்தினேன். மடக்கினாள். ஜீப் கடந்தபோது பார்த்தால், உள்ளே டிரைவரும் துரையின் நாயும்தான். வழியில் நின்ற ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அஞ்சலையின் பிள்ளை இன்னும் இருமுகிறது. சின்னதில் எனக்குப் போர்த்திய கம்பளி இருந்தால் அனுப்புங்கள். நீங்கள் இடித்த சுக்குத்தூளும் கொஞ்சம் வையுங்கள். கொழுந்துக்குப் போன காலத்தில் என்னையும் இப்படி மழையில் தூக்கிப் போனீர்களா அம்மா? உங்களைப் பார்த்தும் யாராவது கத்தினார்களா? அதற்குப் பதில் எழுத வேண்டாம்.

நேற்றும் மழை. அஞ்சலை எதிரே வந்தாள். துரையும் இல்லை, ஜீப்பும் இல்லை. என்னைக் கண்டதும் குடையை மடக்கினாள். விரித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
கதிரேசன்