தக்காளிப் பெட்டியில் எது முதலில் உடையும்?

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி காயவில்லை. மூன்று ரவிக்கை பாக்கி, கொக்கி வைப்பது மட்டும்.

மாலை சுவாதி பையைக்கூட இறக்காமல் செய்தி சொன்னாள். அடுத்த வியாழன் பாலக்கோட்டில் அறிவியல் கண்காட்சி. எட்டாம் வகுப்பிலிருந்து இயற்பியலுக்கு இவள் பெயரும் உண்டு. என்ன செய்வது என்பது அவரவர் பாடாம். மகளைவிட எனக்குத்தான் குஷி. உடனே பட்டியல்:

- சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றித் தூக்கும் கிரேன்
- எலுமிச்சம்பழத்தில் பல்பு
- பெரிஸ்கோப்
- காற்றாலை (எழுதி அடித்துவிட்டேன்)

போன வருடம் காற்றாலை. தெர்மோகோல் வெட்டியது நான், மோட்டார் ஒட்டியது நான், சார்ட் எழுதியதும் நானே. இறக்கை ஏன் சாய்வாக இருக்கிறது என்று நடுவர் கேட்டார். சு. என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. பிள்ளை எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள்.

பட்டியலை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தாள். "இந்த வாட்டி நீ கையே வெக்கக் கூடாதும்மா. கேட்டா நான்தானே பதில் சொல்லணும்."

சரி என்றேன். கை அரிக்கிறது.

நவம்பர் 12, புதன்

வெயில். ரவிக்கை மூன்றும் கொடுத்தாயிற்று.

மாரண்டஹள்ளியில் கிரேன் செட் விற்கிறதாம். சும்மா விசாரிக்கத்தான் போனேன். கடைக்காரர், "காலையில இருந்து ஒம்போது போயிருச்சுங்க, எல்லாம் உங்கூருப் பசங்கதான்" என்றார். பத்தாவதை வாங்காமல் திரும்பினேன். இது என் வாழ்க்கையில் பெரிய கட்டுப்பாடு.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் புலம்பல். அவருடைய குட்டியானை வண்டியில்தான் எங்கள் பக்கத்துத் தக்காளியெல்லாம் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போகிறது. வண்டியை ஆட்டி ஓட்டி அடிப்பெட்டியை நசுக்கிவிட்டார் என்று இன்று தக்காளி ஏற்றிவிட்ட ஒரு காட்டுக்காரர் சண்டை. மேலே நாலு பெட்டி உட்கார்ந்தால் அடிப்பெட்டி நசுங்காமல் என்ன செய்யும் என்பது இவர் நியாயம்.

சு. சோற்றில் கை வைத்தபடி கேட்டாள், "அடிப்பொட்டிதான் அதிகமா ஒடையுதுன்னு யாராச்சும் எண்ணிப் பாத்தீங்களாப்பா?"

எண்ண வேறு வேண்டுமா, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார் அவர்.

அதுதான் அவள் ப்ராஜெக்ட்டாம். தக்காளிக்கு யார் பரிசு கொடுப்பார்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். முறைத்தாள்.

நவம்பர் 15, சனி

பனி. எதிர் வீடு தெரியவில்லை.

எங்கள் காட்டுத் தக்காளி ஐந்து பெட்டி. ஒரே ரகம், ஒரே எடை. கீழிருந்து மேலே 1 முதல் 5 வரை சு. எண் ஒட்டினாள். ஏற்றும் முன் ஒவ்வொரு பழமாகப் பார்த்து, கீறல் இருந்ததை எடுத்துவிட்டாள். விடியலில் அப்பாவோடு பாலக்கோடு போய், அதே பெட்டிகளோடு திரும்பி வந்தாள். குளித்துவிட்டு வந்து எண்ணுகிறேன் என்று உள்ளே போனாள்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்த காரியம். பெட்டி வீட்டுக்கு வந்தால் உடைந்ததைப் பொறுக்கி எடுப்பது என் வழக்கம். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போய்விடும். கை பாட்டுக்குப் பொறுக்கியது. ஐந்து பெட்டியிலிருந்தும் ஒரே குண்டானில். அடுப்பில் தொக்கு.

தலையில் துண்டு, கையில் நோட்டோடு வந்து நின்றாள். "எந்தப் பொட்டியில எத்தனைம்மா இருந்துச்சு?"

கையில் கரண்டியோடு நான். அவள் அழ, நானும் அழ, அவர் மட்டும் சிரித்தார். இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "முதல் நாள், ரத்து. காரணம், அம்மா."

தொக்கு நன்றாக வந்திருந்தது. கோபத்திலும் நாலு தோசை சாப்பிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடியும் ஐந்து பெட்டி, மறுபடியும் பாலக்கோடு. வண்டிச் சத்தம் கேட்டதும் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்கவே இல்லை.

உடைந்தவை: 1-ல் நாலு, 2-ல் மூன்று, 3-ல் ஐந்து, 4-ல் ஒன்பது, 5-ல் இருபத்தொன்று.

மேல்பெட்டி! அவர் நம்பாமல் தானே குந்தி உட்கார்ந்து எண்ணினார். இருபத்தொன்றுதான். சு. விளக்கினாள். மேலே இருக்கும் பெட்டியின் பாரத்தைக் கீழ்ப்பெட்டியின் விளிம்புதான் தாங்குகிறது, பழம் தாங்குவதில்லை. மற்றதுக்கெல்லாம் மேலே உள்ள பெட்டியே மூடி, மேல்பெட்டிக்கு மூடியில்லை. வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டு இறங்கும்போது பழம் மட்டும் மேலே போய் வந்து விழுகிறது. நிலைமம் என்று பாடத்தில் வருகிறதாம்.

"இத்தன வருசமா அடிப்பொட்டியவே திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றார் அவர்.

பதினாறு வருடத்தில் இந்த மனிதர் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு இன்றுதான் கேட்கிறேன். தேதியோடு எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று எனக்கு வேலை கிடைத்தது! பழம் குதிக்காமல் அமுக்க, மேல்பெட்டிக்குச் சாக்கில் மெத்தை. அளவெல்லாம் அவளே எழுதிக் கொடுத்தாள். அப்படியே தைக்க வேண்டும், ஓரத்தில் பூ வைக்கக் கூடாது என்று கண்டிப்பு. பூ வைக்கலாம் என்றுதான் இருந்தேன்.

இன்று பள்ளி நேரத்துக்கு முன்னால் ஒரு நடை போய் வந்தார்கள். மெத்தை கட்டிய மேல்பெட்டியில் உடைந்தது ஆறு. மூன்று பேரும் வாசலில் நின்று கை தட்டினோம். பால்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார்.

நவம்பர் 20, வியாழன்

நல்ல வெயில். சு. காலையில் எதுவும் சாப்பிடவில்லை. நானும்தான்.

பெற்றோருக்கு வெளியேதான் இடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசையாக ஒன்பது கிரேன், ஏறி இறங்கிக்கொண்டு. கடைசி மேசையில் தக்காளியோடு என் மகள்.

நடுவர் இரண்டு பேர். பெண் நடுவர் சார்ட்டை முழுதும் படித்தார். எல்லாம் கேட்டுவிட்டு, பெரிய லாரியில் பத்து அடுக்கு ஏற்றினாலும் இதே கதைதானா என்றார்.

சு. தன் சார்ட்டை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். ஆமாம் என்று சொல்லேன்டி என்று தொண்டை வரை வந்ததை முந்தானையைக் கடித்து அடக்கினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியலைங்க மேடம். நான் அஞ்சு அடுக்குதாங்க எண்ணினேன். பத்துன்னா எண்ணிப் பாத்துட்டுத்தாங்க சொல்ல முடியும்."

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு அவளுக்குக் கை கொடுத்தார். கை!

தருமபுரியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குத் தேர்வு. பெயரை மைக்கில் சொன்னபோது எனக்கு எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரியும்.

பஸ்ஸில் இடமில்லை, நின்றுகொண்டு வந்தோம். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "தருமபுரியில உள்ள விட்டாங்கன்னா ஜன்னல்கிட்ட நிக்காதம்மா. எம்பக்கத்துல வந்து நில்லு."

நான் குறுக்கே பேசிவிட்டால் என்ன செய்வாய் என்றேன்.

"பேச மாட்டே."

எனக்கே அந்த நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது.